ஆபகூக்கின் பலகையும் நமது படப் பலகையும்: ஒரு திறனாய்வு

புத்தாண்டுக் காலத்தில் ஒரு புதிய பழக்கம் நமது வாலிபர் கூட்டங்களிலும் முகாம்களிலும் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. பழைய வார இதழ்கள், கத்தரிக்கோல், பசை, பெரியதோர் அட்டை ஆகியன ஒவ்வொருவருக்கும் அளிக்கப்படுகின்றன. வரும் ஆண்டுகளில் தாம் அடைய விரும்புவனவற்றின் படங்களை வெட்டி அதில் ஒட்டுமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். வீடு, வாகனம், பட்டமளிப்பு அங்கி, விமானம், மணமாலை என அட்டை நிறைகிறது. பின்னர் அதன்மீது கைவைத்து ஜெபித்து, நாள்தோறும் கண்ணில் படும் இடத்தில் மாட்டிவைக்கும்படி கூறுகின்றனர். 'விஷன் போர்டு' என ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் இதனைத் 'தரிசனப் பலகை' எனத் தமிழாக்குவோரும் உளர்.

இளைஞர் ஒருவர் தம் இலக்குகளை எழுதிவைப்பதையோ படமாக ஒட்டிவைப்பதையோ கண்டிப்பது நமது நோக்கமன்று. அட்டையும் பசையும் இறையியல் சிக்கல்கள் அல்ல. ஆயின் இப்பழக்கம் திருச்சபைக்குள் நுழையும்போது தனியே வருவதில்லை. ஆபகூக் 2:2, நீதிமொழிகள் 29:18 என்னும் இரு வசனங்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டே வருகிறது. தரிசனத்தை எழுதிப் பலகையில் வரையும்படி ஆண்டவரே கட்டளையிட்டார் என்றும், தரிசனம் இல்லாத மக்கள் அழிந்துபோவர் என்றும் போதிக்கப்படுகிறது. மேடையில் ஒருமுறை சொல்லப்பட்ட வசனவிளக்கம் பத்து ஆண்டுகள் வாலிபர் மனத்தில் தங்கிவிடும். ஆகவே அவ்விளக்கம் திருமறையோடு பொருந்துகிறதா என ஆராய்வது ஆயர்களின் கடமையாகிறது.

முதலில் இப்பழக்கம் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். இதன் பிறப்பிடம் திருச்சபையன்று. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கடிகாரத் தொழிலாளியாயிருந்து மனவழி மருத்துவராக மாறிய ஃபினியாஸ் குவிம்பி (1802–1866) என்பாரின் கருத்துகளிலிருந்து 'புதிய சிந்தனை' இயக்கம் கிளைத்தது. தவறான எண்ணமே நோய்க்குக் காரணம். எண்ணம் திருந்தினால் உடலும் திருந்தும் என்பது அவர் கொள்கை. பின்வந்தோர், அவர் உடலைப்பற்றிச் சொன்னதைப் பணத்தைப்பற்றியும் சொல்லலாயினர். வாலஸ் வாட்டில்ஸ் என்பவர் செல்வம் அடைவதை ஓர் அறிவியலாகவே விளக்கி 1910இல் நூல் வெளியிட்டார். அந்நூலே தமக்குத் தூண்டுதலாயிற்று எனக் கூறும் ஆஸ்திரேலியப் பெண்மணி ரோண்டா பர்ன், 2006இல் 'தி சீக்ரெட்' என்னும் திரைப்படத்தையும் நூலையும் வெளியிட்டார். படப் பலகையை உலகெங்கும் கொண்டுசென்றது பெரும்பாலும் அந்நூலே. தமிழிலும் அது வெளிவந்துள்ளது. முன்பு தாம் பலகையில் ஒட்டிய வீட்டின் படத்தைச் சில ஆண்டுகளுக்குப்பின் ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கிறார். தாம் இப்போது குடியிருப்பது அதே வீடு எனக் காண்கிறார் என்றொரு சம்பவம் அதில் கூறப்படுகிறது. படம் ஒட்டியும் வீடு கிடைக்காதவர்கள் அந்நூலில் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. (நமது சாட்சிக் கூட்டங்களிலும் இக்குறை உண்டு; அதனைப் பிறிதொரு சமயம் பேசலாம்.)

சபைக்குள் இக்கருத்து வந்த வழி வேறு. சீர்திருத்த சபையின் ஆயரான நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் வெளியிட்ட ஆக்கபூர்வச் சிந்தனையின் ஆற்றல் பற்றிய நூல் ஒரு வாயிலாயிற்று. தென்கொரியாவின் யோங்கி சோ 1979இல் வெளியிட்ட 'நான்காம் பரிமாணம்' மற்றொரு வாயில். கொரியப் போருக்குப் பின்வந்த வறுமையில் ஊழியத்தைத் தொடங்கிய சோ, ஒரு மேசைக்கும் நாற்காலிக்கும் மிதிவண்டிக்கும் ஜெபித்தார். மாதங்கள் கடந்தும் அவை கிடைக்கவில்லை. எந்த மரத்து மேசை, எத்தகைய நாற்காலி, எந்நாட்டு மிதிவண்டி எனக் குறிப்பாகக் கேளாததே காரணம் எனத் தமக்கு உணர்த்தப்பட்டதாக அவர் எழுதுகிறார். மேசையின்றி அருளுரை எழுதிய ஏழை ஊழியரின் மன்றாட்டை நாம் எள்ளலாகாது. பட்டினியை அறிந்தவரின் ஜெபம் அது. ஆயின் அவ்வனுபவம் அனைவருக்குமான விதியாக்கப்படும்போதுதான் இடர்ப்பாடு எழுகிறது. மரத்தின் பெயரைக் குறிப்பிடாதவரை மேசை வராது எனின், நாம் கேட்பதற்கு முன்னமே நமது தேவையைப் பிதா அறிந்திருக்கிறார் (மத்தேயு 6:8) என ஆண்டவர் போதித்ததற்கு என்ன பொருள்? ஜெபம் கடைக்கு அனுப்பும் பட்டியலாகிவிடுமன்றோ!

யாக்கோபு பட்டை உரித்து ஆடுகளின் கண்முன் வைத்த கொப்புகளையும் (ஆதியாகமம் 30) சோ தமக்குச் சான்றாகக் கொள்கிறார். கண்முன் நிறுத்திய உருவமே பலனைப் பிறப்பிக்கிறது என்பது அவர் விளக்கம். ஆனால் அடுத்த அதிகாரத்தில் யாக்கோபு தன் மனைவியரிடம் நடந்ததை விவரிக்கையில் கொப்புகளைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. லாபான் தன் கூலியைப் பலமுறை மாற்றியதையும், தேவன் அவனுடைய மந்தையை எடுத்துத் தனக்குத் தந்ததையும் மட்டுமே கூறுகிறான் (31:7–12). ஏமாற்றப்பட்ட கூலியாளுக்கு நீதி கிடைத்த வரலாறாகவே அவன் அதனைக் காண்கிறான்.

இனி ஆபகூக்கிற்கு வருவோம். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில், கல்தேயர் எழுச்சியுற்ற காலத்தில் வாழ்ந்தவர் இத்தீர்க்கதரிசி. நாட்டில் கொடுமை மலிந்து நீதி முடங்கியதைக் கண்டு, எதுவரைக்கும் எனக் கேட்கிறார். கல்தேயர் வருவர் என விடை வருகிறது. நோயைவிட மருந்து கொடியதாயிருக்கக் கண்டு மீண்டும் வழக்காடுகிறார். தூண்டிலாலும் வலையாலும் மக்களை மீன்களைப்போல் வாரிக்கொள்ளும் கல்தேயன், தனக்குக் கொழுத்த பங்கைத் தந்த வலைக்கே பலியிடுகிறான் என்பது அவர் குற்றச்சாட்டு (1:14–16). செல்வம் ஈட்டித்தந்த கருவியை வணங்குதல் என்னும் இப்பாவத்தை, படப் பலகையைப்பற்றிப் பேசுவோர் ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்கவேண்டும். இவ்வழக்கிற்கு என்ன மறுமொழி வரும் எனக் காவற்கோபுரத்தில் நின்று காத்திருக்கும் மனிதருக்கே, பலகையில் எழுது என்ற கட்டளை பிறக்கிறது. அவர் தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. விருப்பப் பட்டியல் எதனையும் அவர் கோபுரத்தின்மேல் கொண்டுசெல்லவில்லை.

ஈண்டு தரிசனம் எனப் பெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் 'காசோன்'. தீர்க்கதரிசிக்கு இறைவன் காண்பிப்பதையும் அறிவிப்பதையும் அது குறிக்கும். ஏசாயாவின் நூலுக்குத் தலைப்பாகவும் அச்சொல்லே அமைந்துள்ளது. மனிதன் தன் எதிர்காலத்தைப்பற்றித் தீட்டிக்கொள்ளும் கற்பனைக்கு அச்சொல் வழங்குவதில்லை. நமது தமிழ்ச் சொல்லும் இதில் நமக்குத் துணைசெய்கிறது. கோவிலுக்குச் சென்றுவரும் நம் அயலார், தரிசனம் 'கிடைத்தது' என்பர். 'செய்தேன்' எனினும் கண்டு வணங்கினேன் என்பதே பொருள், உண்டாக்கினேன் என்பதன்று. தரிசனம் அருளப்படுவது, தன்னைக் காட்டுகிறவர் காட்டினாலன்றி இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த பொருள் விரிவைத் தமிழ்ச் சொல்லின்மீதும் ஏற்றிவிட்டு, அதற்குத் திருமறை ஆதாரம் தேடுவது மொழிக்கும் மறைக்கும் ஒருங்கே செய்யும் அநீதியாகும்.

பலகைகளைக் குறிக்கும் 'லுகோத்' என்பது சீனாய் மலையின் கற்பலகைகளுக்கு வழங்கும் அதே சொல். தெளிவாக வரைதல் எனப் பொருள்படும் வினைச்சொல்லும், உபாகமம் 1:5, 27:8 ஆகிய இடங்களில் நியாயப்பிரமாணத்தை விளக்குவதற்கும் தெளிவாக எழுதுவதற்கும் ஆளப்பட்டுள்ளது. எனவே ஆபகூக்கின் பலகையைக் காணும் எபிரெய வாசகர் மனத்தில் எழுவது மோசேயின் பலகையே. அது பிறர் வாசிப்பதற்காக எழுதப்படுவது. ஓடுதலைப்பற்றிய சொற்றொடரில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஓடுகிறவன் வாசிப்பதா, வாசித்தவன் ஓடுவதா எனத் தெளிவில்லை. எவ்வாறாயினும், எழுதியவரே தம் படுக்கையறையில் வைத்து நாள்தோறும் பார்த்துக்கொள்வதற்கு அது எழுதப்படவில்லை என்பது உறுதி. குறித்த காலம் வரும்வரை நிற்கவேண்டிய சாட்சி அது.

தாமதிப்பினும் காத்திரு என்கிறது அடுத்த வசனம். 1947இல் கும்ரான் குகையில் கண்டெடுக்கப்பட்ட சுருள்களுள் ஆபகூக் உரையும் ஒன்று. கடைசித் தலைமுறைக்கு நேரவிருப்பதை எழுதும்படி ஆபகூக்கிற்குக் கட்டளையிட்ட இறைவன், காலம் நிறைவுறும் வேளையை அவருக்கு அறிவிக்கவில்லை என அவ்வுரைகாரர் இவ்விடத்திற்குப் பொருள் கூறுகிறார். அவருடைய சமூகத்தின் பிற கொள்கைகளை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் எழுதியவருக்கே நாள் தெரியாது என்பதை அவர் கண்டுகொண்டார். நமது பலகைகளிலோ படத்தின் கீழ் ஆண்டும் மாதமும் குறிக்கப்படுகின்றன.

பலகையில் எழுதப்பட்டது யாது என்பதும் ஆராயத்தக்கது. நீதிமான் உண்மையுடன் பற்றிநிற்பதால் பிழைப்பான் என்ற வாக்கும், அதனைத் தொடர்ந்து ஐந்து ஐயோக்களும் வருகின்றன. தன்னுடையதல்லாததைக் குவிப்பவனுக்கு ஐயோ. தீங்கிற்குத் தப்பும்படி தன் கூட்டை உயரத்தில் கட்டத் தன் வீட்டிற்குப் பொல்லாத ஆதாயம் தேடுபவனுக்கு ஐயோ. இரத்தத்தால் நகரம் கட்டுபவனுக்கும், அயலானைக் குடிக்கவைத்து அவமானப்படுத்துபவனுக்கும், இறுதியாக மரத்தைப் பார்த்து விழித்தெழு என்பவனுக்கும் ஐயோ. மாடி வீட்டின் படத்தின்மேல் 2:2ஐ எழுதுவோர், ஏழு வசனங்கள் தள்ளிவரும் 2:9ஐயும் சேர்த்து எழுதுவார்களா? நூலின் முடிவிலோ அத்திமரம், திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என ஆறு குறிப்பிடப்படுகின்றன. பாலஸ்தீன விவசாயி ஒருவன் படப் பலகை செய்திருந்தால் அதில் ஒட்டத்தக்கவை இவையே. ஆறும் வெறுமையாய் இருக்கக் காண்கிறார் ஆபகூக். கண்டும் கர்த்தருக்குள் களிகூருகிறார் (3:17–18).

நீதிமொழிகள் 29:18க்கு நேர்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. அங்கும் 'காசோன்' என்ற சொல்லே உள்ளது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதனைத் தீர்க்கதரிசனம் எனச் சரியாகவே பெயர்த்தனர். வசனத்தின் பிற்பகுதி வேதத்தைக் காப்பவனின் பேற்றைப்பற்றியது. முற்பகுதியின் பொருளை அதுவே உறுதிசெய்கிறது. இருந்தும் நம் போதகர் சிலர் கையிலுள்ள தமிழ் வேதத்தை விடுத்து, பழைய ஆங்கில மொழிபெயர்ப்பின் சொல்லைப் பற்றிக்கொண்டு, இலக்கில்லாதவன் அழிவான் எனப் பிரசங்கிக்கின்றனர். அழிதல் என ஆங்கிலத்தில் வரும் சொல்லுக்கு எபிரெயத்தில் கட்டவிழ்ந்து திரிதல் என்பதே பொருள். அதே வேர்ச்சொல் யாத்திராகமம் 32:25இல் வருகிறது. பொற்கன்றுக்குமுன் கட்டவிழ்ந்து நின்ற மக்களை மோசே கண்ட இடம் அது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். மலையின்மேல் பலகைகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. மோசே இறங்கிவரத் தாமதித்தார். காத்திருக்க இயலாத மக்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்து, கண்ணால் காணத்தக்க ஓர் உருவத்தைச் செய்வித்தனர். எகிப்திலிருந்து தங்களை அழைத்துவந்தது இதுவே என்றனர். அதாவது அவர்கள் வேறு கடவுளைத் தேடியதாக எண்ணவில்லை. மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்றே ஆரோன் அறிவித்தான். பலகைக்கும் உருவத்துக்கும் இடையே இருப்பது தாமதம் ஒன்றே. தாமதத்தைச் சகிக்க இயலாத பக்தி தன் விருப்பத்தையே வார்த்து, அதற்கு ஆண்டவரின் பெயரைச் சூட்டிக்கொள்கிறது. படப் பலகையை வணங்குகிறோமா என நம்மைக் கேட்டால் இல்லையென்போம். ஆனால் படம் நிறைவேறினால் ஆண்டவர் பதிலளித்தார், நிறைவேறாவிட்டால் நமது விசுவாசம் குறைவு என எண்ணும் அளவிற்கு அப்படம் ஆண்டவரை அளக்கும் கோலாகிவிடுகிறது. ஆலயச் சுவரிலிருந்து சுரூபங்களை அகற்றியதைப் பெருமையாகப் பேசும் நமது மரபு, வாகனத்தின் படத்தைச் சுவரில் மாட்டி அதன்முன் ஜெபிப்பதில் முரண்பாடு காணாதது வியப்பே.

இவ்வளவு கூறியபின் ஒரு தடையை நேர்மையுடன் சந்திக்கவேண்டும். வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் பார்த்து ஆசைப்படாதே எனப் போதிப்பது எளிது. கூலிவேலைக்குச் செல்லும் பெற்றோரின் மகள், குடும்பத்தில் முதன்முதல் பள்ளியிறுதி எட்டியவள், செவிலியர் உடையின் படத்தை ஒட்டுகிறாள். தனக்கும் ஓர் எதிர்காலம் உண்டு எனப் பிறர்முன் அவள் சொல்லத் துணிந்த முதல் தருணம் அதுவாயிருக்கலாம். அர்ஜுன் அப்பாதுரை என்னும் மானிடவியலாளர் 2004இல் வெளியான கட்டுரையொன்றில், விருப்பங்கொள்ளும் ஆற்றலே சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டுள்ளது என வாதிடுகிறார். எதிர்காலத்தை நோக்கி வழிதேடிப் பழகும் வாய்ப்பு செல்வருக்கு மிகுதி, ஏழைக்குக் குறைவு என்பது அவர் கருத்து. சாதியாலும் வறுமையாலும் 'உனக்கு இதெல்லாம் எதற்கு' எனத் தலைமுறைகளாய் அடக்கப்பட்டோர் மத்தியில் ஊழியம் செய்யும் நாம் இதனைப் புறக்கணிக்க இயலாது. அம்மகளின் படத்தைக் கிழிக்கச் சொல்லும் இறையியல் நற்செய்தியன்று.

ஆயினும் அவளுக்குப் படப் பலகை செய்யும் உதவிதான் எவ்வளவு? கல்லூரிக் கட்டணம், விடுதி, விண்ணப்ப நாள், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றும் பலகையில் இல்லை. முடிவின் படம் உண்டு. வழியின் படம் இல்லை. உளவியலாரின் ஆய்வும் இதனையே காட்டுகிறது. ஃபாம், டெய்லர் ஆகிய இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றதாகக் கற்பனை செய்த மாணவரைவிட, அமர்ந்து படிக்கும் முறையைக் கற்பனை செய்த மாணவரே மேம்பட்டனர். இனிய முடிவைமட்டும் கற்பனையில் சுவைப்பது, அதனை அடைவதற்கான ஊக்கத்தையே தளர்த்தும் என கேப்ஸ், எட்டிங்கன் என்போர் 2011இல் எழுதினர். மேலும், தடையெல்லாம் மனத்தில்தான் எனக் கற்பிக்கும் இம்முறை, கட்டணத்தையும் சாதியையும் மனத்தின் குறையாக மாற்றிவிடுகிறது. இரண்டாம் முறையும் நுழைவுத்தேர்வில் தவறிய பிள்ளை, மருத்துவரின் வெண்ணிற அங்கியின் படத்தின்கீழ் இரவில் படுத்திருக்கும்போது அப்படம் அவளிடம் என்ன பேசும்? நீ போதிய அளவு விசுவாசிக்கவில்லை என்பதன்றி வேறென்ன? அவ்வீட்டிற்கு மறுநாள் செல்லவேண்டியவர் முகாமை நடத்திய பேச்சாளர் அல்லர்; சபையின் ஆயரே.

ஆயர்களும் இதற்கு விலக்கல்லர். ஐந்தாண்டில் இத்தனை குடும்பங்கள், இத்தனை லட்சத்தில் ஆலயம் எனச் சபையின் 'தரிசனம்' வரையப்பட்டு அலுவலறைச் சுவரில் தொங்குகிறது. 1939இல் வெளியான கிறிஸ்தவ சமூக வாழ்வு பற்றிய நூலில் போன்ஹோஃபர் இத்தகைய கனவைக் கடுமையாகவே சாடினார். மெய்யான சமூகத்தைவிடச் சமூகத்தைப்பற்றிய தன் கனவை நேசிப்பவன் அச்சமூகத்தை அழிப்பவனாகிறான் என்பது அவர் துணிபு. வரைபடத்திலுள்ள சபையை நேசிக்கும் ஆயருக்கு ஞாயிறுதோறும் முன்னே அமர்ந்திருக்கும் நாற்பதுபேர் குறையாகவே தோன்றுவர்.

திட்டமிடுதல் பாவமா எனச் சிலர் வினவலாம். அன்று. பவுல் திட்டமிட்டார். பித்தினியாவுக்குச் செல்ல முயன்று தடுக்கப்பட்டார். துரோவாவில் இரவில் அவருக்குத் தரிசனம் உண்டாயிற்று (அப்போஸ்தலர் 16:7–9). அத்தரிசனத்தில் பவுல் இல்லை. உதவிகேட்டு நிற்கும் மக்கெதோனியன் ஒருவனே இருந்தான். பிற்காலத்தில் ரோமாபுரி வழியாக ஸ்பானியாவுக்குச் செல்லும் தம் விருப்பத்தை அவர் எழுதியே வைத்தார் (ரோமர் 15:24, 28). எழுதிய அதே அதிகாரத்தில், அதற்குமுன் எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதையும், அங்குத் தமக்கு நேரக்கூடிய ஆபத்தையும் குறிப்பிட்டு ஜெப உதவி கேட்கிறார். அந்த ஆபத்து நேர்ந்தது. காவலில் வைக்கப்பட்டு, கப்பற்சேதத்தில் தப்பி, கைதியாகவே ரோமாபுரி சேர்ந்தார். ஸ்பானியாவைப்பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்றும் கூறவில்லை. சங்கிலியுடன் வாடகை வீட்டில் இரண்டாண்டு தங்கி, தம்மிடம் வந்தோர் அனைவரையும் ஏற்றுக்கொண்டார் என்ற செய்தியோடு அந்நூல் நின்றுவிடுகிறது.